நாளுக்கு ஒரு கோப்பை தண்ணீர்

தொண்ணூறுகளின் கடைசி இலையுதிர்காலத்தில், ரொறன்ரோவில் வீட்டுப் பராமரிப்பு வேலைக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சியில் சேர்ந்திருந்தேன். என்னை முதலில் அனுப்பியது தண்டவாளத்தில் ஸ்ட்ரீட்கார் ஓடும் தெரு ஒன்றில், கடைகளுக்கு மேலே இருந்த சின்ன அப்பாட்மென்ற் ஒன்றுக்கு. அங்கே ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் தனியாக இருந்தார். இருபது வருடம் ஸ்ட்ரீட்கார் ஓட்டியவர். எம்.எஸ். என்னும் நரம்பு நோய் வந்து கால்களை இறுக்கிவிட்டதால் வேலையை விட்டிருந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை காலை நான்கு மணித்தியாலம் அவரைக் குளிக்க வார்ப்பது, சமைப்பது, துவைப்பது என் பொறுப்பு.

ஏஜென்சி ஒரு பட்டியல் தந்திருந்தது. ஒவ்வொரு வேலைக்கு எதிரிலும் ஐந்து நாளுக்கு ஐந்து பெட்டி. செய்து முடித்ததும் பெட்டியில் சரிக்குறி போட வேண்டும். கடைசி வரி, 'வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர்.' யன்னலோரம் ஒரு செடியையும் காணவில்லை. முதல் நாள் சமையல் முடித்து, செடிகள் எங்கே என்று கேட்டேன். அவர் படுக்கையறையில் உடுப்பு வைக்கும் குளோசெற்றைக் காட்டினார்.

கதவைத் திறந்ததும் வெளிச்சம் கண்ணில் அடித்தது. உள்ளே சுவருக்கெல்லாம் வெள்ளைப் பூச்சு, மேலே சங்கிலியில் தொங்கும் ஒரு பெரிய விளக்கு, கீழே ஒரு பலகைமேல் நான்கு சாடிகளில் இடுப்பளவு உயரக் கண்டுகள். அந்த விரல் விரித்த இலையைச் சுவரொட்டிகளில் பார்த்திருக்கிறேன். கஞ்சா. கதவைச் சட்டென்று மூடினேன்.

"பயப்படாதே. ஒட்டாவாவில் இருந்து அனுமதி வந்திருக்கிறது" என்றார் அவர். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் ஆங்கிலத்தில்தான். மேசை லாச்சியில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தார். நோய்க்காக அவர் வைத்திருக்கலாம், வளர்க்கலாம் என்று அதில் இருந்தது. இரவில் கால்கள் தாமாக இழுத்து அடிக்கும்போது கொஞ்சம் புகைத்தால் மட்டும்தான் அடங்கும் என்றார். கண்டுகளை நட்டு, விளக்கைப் பூட்டிக் கொடுத்தவர் அவருடைய தம்பி. போன மாதம் வேலை கிடைத்து வான்கூவருக்குப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். அவர் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி ஏற்றுகிற வேலை. சாப்பிட்ட கையோடு எழும்பிவிட்டார்.

"உமக்கென்ன விசரே? சிற்றிசன்சிப்புக்குப் போட்டிருக்கிறம். பொலிஸ் வந்தா என்ன சொல்லப் போறீர்?"

"கடிதம் இருக்கப்பா."

"கடிதம் அந்த மனுசியின்ர பேரில இருக்கு. உம்மட பேரில இல்லை."

அவர் சொன்னது சரி. அடுத்த நாள் விடிய, பஸ் நிறுத்தத்துப் பொதுத் தொலைபேசியில் என் சுப்பவைசரை அழைத்து ஒன்றையும் மறைக்காமல் கேட்டேன். கடதாசி புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "கடிதத்தைப் பற்றி எங்களுக்குத் தெரியும். பட்டியலில் செடிகள் என்று இருக்கிறது. என்ன செடி என்று இல்லை. உனக்கு விருப்பமில்லையென்றால் வேறு வீடு தருகிறேன்" என்றாள். நான் மாறவில்லை. அந்த மனுசியின் கால்களை முதல் நாளே தடவிவிட்டிருந்தேன். தோலுக்குக் கீழே கட்டை மாதிரி இறுகிக் கிடந்தன.

அன்றிலிருந்து தினமும் ஒவ்வொரு சாடிக்கும் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினேன், சரிக்குறி போட்டேன். எனக்குச் செடி கொடி பழக்கமில்லை. அப்பா தபால் கந்தோரில் வேலை, நாங்கள் வாடகை வீட்டுக்காரர். ஆனால் பெட்டி ஒன்றை வெறுமையாக விடுவது எனக்குப் பிழையாகப் பட்டது.

மூன்றாவது கிழமையில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. கண்டுகள் தலை தொங்கி நின்றன. தம்பி ஞாயிறு தோறும் தொலைபேசியில் பேசுவார். கண்டுகளுக்குப் பசி போல, பசளை போடச் சொல்லு என்றாராம். அவர் வைத்துவிட்டுப் போயிருந்த நீலப் பசளைத் தூளைக் கரைத்து ஊற்றினேன். நான்கு நாளில் இலை நுனிகள் நெருப்புப் பட்டதுபோல் கருகின. தண்ணீர் போதாதாக்கும் என்று நினைத்து இன்னொரு அரைக் கோப்பை கூட்டினேன். இன்னும் மோசமாகியது. அந்த மனுசியிடம் புகைக்க மிச்சமிருந்தது ஒரு சின்னப் போத்தல் உலர்ந்த பூ மட்டும்தான். இந்தக் கண்டுகள் போனால் வெளியே யாரிடமோ போய் வாங்க வேண்டும். அந்த உடம்போடு அவர் எங்கே போவார்? இதை எப்படியும் கண்டுபிடிப்பது என்று பிடிவாதமாக நினைத்துக்கொண்டேன்.

என்னோடு ஆங்கில வகுப்பில் படித்த மன்னார்ப் பெண் ஒருத்தி யூனியன்வில் பக்கம் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு தோட்டத்தில் நாற்று விற்கிற வேலை செய்தாள். சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி அங்கே போய், கண்டுகள் மஞ்சளாகித் தொங்குகின்றன என்றேன்.

"என்ன கண்டு?" என்றாள்.

"தக்காளி."

"இந்தக் குளிருக்கையோ? வீட்டுக்குள்ளயோ?"

"ஓம். நான் வேலை செய்யிற இடத்தில ஒரு மனுசி லைற் போட்டு வளக்கிறா."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கையில் இருந்த சாடியைக் கீழே வைத்தாள். "சரி. முதல் மஞ்சளானது மேல் இலையோ, கீழ் இலையோ?"

"தெரியாது."

"நரம்பு பச்சையா நிக்குதோ, இல்லாட்டி இலை முழுக்க மஞ்சளோ?"

"கவனிக்கேல்லை."

"தொங்குது எண்டனீங்கள். காஞ்சு தொங்குதோ, பாரமாத் தொங்குதோ?"

வெட்கமாக இருந்தது.

"நீங்கள் ஒண்டையும் பாக்கேல்லை. நான் இஞ்ச நிண்டு என்னத்தைச் சொல்லுறது? போய் வடிவாப் பாருங்கோ. பாத்த உடன மருந்து போடாதேங்கோ. ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்துங்கோ. எல்லாத்தையும் சேர்த்து மாத்தினா எது சரிவந்தது எண்டு உங்களுக்கு ஒரு நாளும் விளங்காது."

திங்கட்கிழமை குளோசெற்றுக்குள் முழங்காலில் இருந்து பார்த்தேன். கீழ் இலைகள்தான் முதலில் மஞ்சள், நரம்போடு சேர்த்து முழுக்க. இலைகள் காய்ந்திருக்கவில்லை. தடித்து, உள்ளே மடங்கி, பாரமாகத் தொங்கின. வேலை நேரம் எழுதும் பழைய தாள் ஒன்றின் பின்பக்கத்தில் நான்கு கண்டுகளுக்கு நான்கு கட்டம் கீறினேன். முதலாவதற்குத் தண்ணீரை நிறுத்தினேன். இரண்டாவதற்குப் பசளையை மட்டும் நிறுத்தினேன். மூன்றாவதை விளக்கின் சூடு குறையட்டும் என்று பலகையில் இருந்து இறக்கி நிலத்தில் வைத்தேன். நான்காவதை ஒன்றும் செய்யாமல் முன்போலவே விட்டேன். அவருக்கும் விளக்கிச் சொன்னேன்.

"நான்கில் மூன்று சாகலாம் என்கிறாயா?" என்றார்.

"நான்கும் இப்போது செத்துக்கொண்டுதான் இருக்கின்றன."

அவர் சிரித்தார். "சரி, ஓட்டு" என்றார். ஸ்ட்ரீட்காரில் மணியடித்துச் சொல்வது போல.

முதலாவது கண்டின் கட்டத்தை வெறுமையாக விட என் கை கூசியது. இரண்டு நாள், மூன்று நாள். மண்ணில் விரலை விட்டால் இன்னும் ஈரம். ஐந்தாம் நாள் கதவைத் திறந்தபோது முதலாவது கண்டு தலை நிமிர்ந்து நின்றது. மற்ற மூன்றும் அப்படியே தொங்கின. நான் உடனே நம்பவில்லை. அடுத்த கிழமை வெள்ளி வரை பார்த்தேன். நான்காவது கண்டு கிட்டத்தட்ட விழுந்துவிட்டது. அதைச் சாடியோடு தலைகீழாகப் பிடித்து வெளியே இழுத்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் மண்ணிறமாகி, கைபட்டதும் வழுவழுத்தன. அழுகிய குளத்து நாற்றம். சாடிக்குக் கீழே வைத்த தட்டில் இரண்டு விரல் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அந்தத் தட்டை நான் ஒருநாளும் தூக்கிப் பார்க்கவில்லை.

பசியும் இல்லை, நோயும் இல்லை. நான்தான் ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பையாக அவற்றை மூழ்கடித்துக்கொண்டிருந்தேன்.

குளியலறையில் கையைக் கழுவிவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. தம்பியின் பசளையில் பிழை என்று சொல்லிவிடலாம். அவர் நம்புவார். கடைசியில் அவருடைய நாற்காலிக்கு முன்னால் போய் நின்று சொன்னேன். "நான் தண்ணீர் கூட ஊற்றிவிட்டேன். உங்கள் கண்டுகளைப் பழுதாக்கியது நான்தான்."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "தம்பி நான்கு நாளுக்கு ஒருமுறைதான் ஊற்றுவான். நானும் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீ தினமும் ஊற்றுகிறாய் என்று எனக்குத் தெரியவே தெரியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒருமுறை பனி கொட்டுகிற நாளில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்ற ஒரு நிறுத்தத்தைக் கவனிக்காமல் ஓட்டிப் போய்விட்டேன். அடுத்த நாள் அதே நிறுத்தத்தில் அதே முகங்கள். நிறுத்தி, கதவைத் திறந்து, 'நேற்று நான்தான்' என்றேன். ஒரு கிழவர் மட்டும் ஏசினார். மற்றவர்கள் ஏறி இருந்துவிட்டார்கள்." அவ்வளவுதான். தேத்தண்ணி போடச் சொன்னார்.

நான்காவது கண்டை எறிந்தேன். மற்ற மூன்றின் தட்டுகளையும் வெறுமையாக்கினேன். காற்றுப் போகட்டும் என்று, வெள்ளைப் பொரி மாதிரியான சிறு கற்கள் கலந்த புது மண்ணில் மாற்றி வைத்தேன். ஒவ்வொரு நாளும் சாடியைத் தூக்கிப் பார்ப்பேன். பாரமாக இருந்தால் ஊற்ற மாட்டேன். லேசாகி, தூக்கும்போது கைக்குச் சும்மா வந்தால் மட்டும் தண்ணீர். பட்டியலில் மிச்ச நாட்களில் 'பார்த்தேன், தேவையில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். சுப்பவைசர் ஒன்றும் கேட்கவில்லை.

மஞ்சளான இலைகள் திரும்பப் பச்சையாகும் என்று முதல் இரண்டு கிழமை காத்திருந்தேன். அவை ஆகவில்லை. ஒவ்வொன்றாகக் காய்ந்து விழுந்தன. மனம் விட்டுப்போன ஒரு காலையில்தான் நுனியைப் பார்த்தேன். மூன்றிலும் விரல் நகமளவு புது இலைகள், எண்ணெய் பூசியதுபோல் பச்சையாக. பழைய இலைகளைப் பிறகு நான் எண்ணவே இல்லை.

மாசி மாதம் பூ முற்றியது. தம்பி ஒரு கிழமை லீவில் வந்து வெட்டிக் காயவைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மிச்சக் குளிர் முழுக்க அந்த மனுசிக்கு அது போதுமாக இருந்தது. காலையில் நான் போகும்போது அவர் விழித்துக் களைத்துக் கிடப்பது குறைந்தது. சில நாட்களில் நான் கதவைத் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

"உம்மட ஆள் எப்பிடி?" என்று கணவர் ஒருநாள் அவராகவே கேட்டார்.

"நித்திரை கொள்ளுறா."

"கண்டு?"

"நல்லாத்தான் நிக்குது."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு சப்பாத்தைக் கழற்றினார்.

சித்திரையில் ஏஜென்சி என்னை வேறு வீட்டுக்கு மாற்றியது. கடைசி நாள் நான் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றபோது, வாசல்வரை வருகிறேன் என்று அவர் நாற்காலியை விட்டு எழும்பினார். தடியை ஊன்றி, சுவரைப் பிடித்து, ஓர் அடி, நிற்பு, இன்னோர் அடி. கோட்டுக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. அவர் உதவி கேட்கவில்லை, நானும் கை கொடுக்கவில்லை. வாசலுக்கு வந்து சேர்ந்ததும் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.