பெடலுக்கு ஒரு இறுக்கு

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபது வருஷம் பிசியோதெரபி பார்த்த என் மண்டையில், ஒரு டெய்லர் நாள் பூரா எத்தனை தடவை பெடலை மிதிப்பார் என்ற கேள்வி உதிக்கவே இல்லை. திருப்பூரில் கிளினிக் வைத்துக்கொண்டு இது தெரியாமல் இருக்கத் தனித்திறமை வேண்டும்.

செல்வி வேலம்பாளையத்துக்காரர், பனியன் கம்பெனியில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் டெய்லர். பிரசவத்தில் கீழே கிழிந்து தையல் போட்டிருந்தார்கள். குழந்தைக்கு ஏழு மாசம். புண் ஆறிவிட்டது, ஆனால் தும்மினால் சிறுநீர் கசிந்தது. பஞ்சு பறக்கிற இடத்தில் தும்மாமல் எப்படி இருப்பது?

"முந்தாநேத்து ஸ்டூலே நனைஞ்சு போச்சுங்க. இன்னொருக்கா அப்படி ஆச்சுன்னா வேலைய விட்டுப்போடுவனுங்க. தைக்கறதுன்னா எனக்கு உசுருங்க" என்றார்.

பரிசோதித்தது எங்கள் ஜெனிபர். திருநெல்வேலிப் பெண்; இடுப்புத்தளத் தசைக்கான பிசியோதெரபியைத் தனியாகப் படித்தவர். தசையை இறுக்கவும் விடவும் கற்றுக்கொடுத்தார். தினம் மூன்று வேளை, வேளைக்குப் பத்துத் தடவை. சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

"வேலை நடுவுல மறந்துருமுங்களே" என்றார் செல்வி.

அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். "பெடலை மிதிக்கறப்பெல்லாம் ஒரு இறுக்கு இறுக்குங்க. மறக்கவே மறக்காது!" என் மூளையை நானே மெச்சி ஒரு டீ குடித்தேன்.

பத்து நாளில் திரும்பி வந்தவர் உட்கார மறுத்தார்.

"வலிக்குதுங்க. கசியறதும் நிக்கலீங்க. ஒரு பனியனுக்குக் கை வெச்சுத் தைக்கவே பெடல நாலு மிதி மிதிக்கோணும். நீங்க சொன்னாப்புல ஒண்ணு விடாம இறுக்குனனுங்க."

ஜெனிபர் என் பக்கம் திரும்பினார். "நெசமாவே பெடல்னு சொன்னியளா சார்?"

"ஒரு ஆர்வத்துல..."

"நிறுத்தாம ஓட்டுனா மோட்டாரே கருகிரும். தசைக்கு ரெஸ்ட் வேண்டாமா?"

வலியிலும் செல்வி சிரித்துவிட்டார்.

ஒரு வாரம் இறுக்கவே கூடாது என்றார் ஜெனிபர். வயிறு நிறைய மூச்சிழுத்துத் தளர்த்துவது மட்டும். வலி அடங்கியதும் பழையபடி மூன்று வேளை, பத்துப் பத்து. அதில் ஒரு வேளை கம்பெனி டீ டைமில். கூடவே ஒரு வித்தை: தும்மல் வருவது தெரிந்ததும் முன்கூட்டியே ஒரு இறுக்கு, தும்மியபின் முழுசாக விடு.

மூன்று மாசம் கழித்து செல்வி குழந்தையும் லட்டுப் பெட்டியுமாக வந்தார்.

"லைன்ல ஃபிளீஸ் துணி ஓடுதுங்க, ஒரே பஞ்சு. நேத்து பதினோரு தும்மல். ஸ்டூல் காஞ்சு கெடக்குதுங்க!"

ஜெனிபர் கை தட்டினார். குழந்தையை வாங்கி மடியில் வைத்தேன். அது என் பேண்ட்டை நனைத்தது. அதற்கு இன்னும் பயிற்சி ஆரம்பிக்கவில்லை.

புதிதாக வரும் பிசியோக்களுக்கு நான் சொல்வது இதுதான்: இறுக்கச் சொன்னால் விடவும் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், வந்தவர் என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள்.

அன்றைக்கு லட்டு வாயில் இருந்த தைரியத்தில் செல்வியிடம் கேட்டேன்: "நம்ம பெடல் ஐடியாவும் கொஞ்சம் ஒதவுச்சுங்களா?"

"அத மட்டும் யாருக்கும் சொல்லிப்போடாதீங்க" என்றார் செல்வி.