கண்ணாடியில் தெரிந்த முத்திரை

புனேயில் பழைய உகுலேலேக்களை, அந்த நாலு கம்பிக் குட்டி கிட்டார்களை, தேடி வாங்கி விற்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. அன்று கோர்படி ரயில்வே காலனியிலிருந்து ஒரு தமிழ் அக்கா கூப்பிட்டிருந்தார். இறந்துபோன கணவரின் உகுலேலேயை விற்க வேண்டுமாம்.

முதலில் அதன் நடுத்துவாரத்தின் விளிம்பைப் பார்த்தேன். ஒட்டுப்பலகை அடுக்கு தெரியவில்லை; முழு மரம். பல் டாக்டர்கள் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டு, மொபைல் டார்ச்சை அடித்தேன். ஹவாயில் செய்தது என்பதற்கான முத்திரை மங்கலாக, ஆனால் முழுசாக இருந்தது. பத்து வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த சாமான்.

"ஏதாச்சும் தெரியுதா தம்பி?"

"ஒண்ணும் இல்லக்கா. சாதாரண பிளைவுட்தான்."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் டியூப்லைட்டைப் போட்டார்.

"இப்ப இன்னொரு தடவ பாருங்க தம்பி. அவரு எனக்கு அந்த முத்திரையக் காட்டறப்ப இந்த லைட்டப் போட்டுட்டுதான் காட்டுவாரு."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். மறுபடியும் கண்ணாடியை உள்ளே விட்டேன்.

"இருக்குக்கா," என்றேன். "ரொம்ப நல்ல விலைக்குப் போகும்."

"டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் கண்ணாடியை முதலில் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுகிறேன். நேர்மையான ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு என் மேல்தான் பயம்.