கூரைமேல் போட்ட ரப்பர் ஷீட்

ஜப்பான்காரன் காலத்தில் எதுவுமே கிடைக்கவில்லை என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். பொய். ரப்பர் கிடைத்தது. அரிசி இல்லை, உப்பு இல்லை, துணி இல்லை, ஓர் ஆணிகூட இல்லை. ரப்பர் மட்டும் கொட்டிக் கிடந்தது, வாங்க நாதியில்லாமல். தோட்டத்துத் துரை ஓடிப்போனபோது, புகை போடும் கொட்டகையில் ஷீட்டுகளை அடுக்கியது அடுக்கியபடி விட்டுவிட்டுப் போயிருந்தார். அதைத் தின்னவா முடியும்? என் வீட்டுக்காரர் அதைக் கூரைமேல் போட்டார்.

எங்கள் வீடு மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வீட்டு வரிசையில், கடைசி வீடு. தகரக் கூரை, துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. முன்பெல்லாம் ஆபீஸில் போய்ச் சொன்னால் திட்டிக்கொண்டாவது ஆள் அனுப்புவார்கள். இப்போது திட்டுவதற்குக்கூட அங்கே ஆளில்லை. மழை வந்தால், பால் பிடிக்கிற மங்குகளைக் கொண்டுவந்து ஒழுகுகிற இடத்திலெல்லாம் வைப்பேன். பாலுக்கு மரத்தைக் கீறி வெட்டுகிற வேலைதான் நின்றுபோயிருந்ததே, மங்குகள் சும்மாதானே கிடந்தன! நிறைய நிறைய வாளியில் ஊற்றி வெளியே கொட்டுவேன். ரப்பர் காட்டில் பால் எடுத்தபோதுகூட நான் இத்தனை வாளி சுமந்ததில்லை.

இப்போது சிரிப்பாகச் சொல்கிறேன். அப்போது சிரிக்கவில்லை. மூத்த பிள்ளையை அந்த வீட்டில்தான் பெற்றேன். தூளி கட்ட உருப்படியாக இருந்தது ஒரே ஓர் உத்தரம். மற்றதையெல்லாம் கரையான் தின்றுவிட்டது. பெரிய ஓட்டை சரியாக அந்த உத்தரத்துக்கு மேலேதான் இருந்தது. மழையில் தூளி நனைந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது, பேர் வைக்குமுன்பே போய்விட்டது. அடுத்தது வயிற்றில் தங்கியதுமே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

"இந்தாங்க, அந்த உத்தரத்துக்குக் கீழ ஒரு சொட்டு விழக்கூடாது. விழுந்துச்சுன்னா நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

"பாத்துக்கலாம் புள்ள," என்றார்.

எதற்கும் அதுதான் பதில். வீடு பற்றி எரிந்தாலும் பாத்துக்கலாம் என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குக் காம்பு கிள்ளுகிற மனிதர். கூரை வேய அத்தாப்பு ஓலை வாங்கிவரலாமென்றால் கடலோரம்வரை போகவேண்டும். கண்ணில் பட்ட ஆம்பிளைகளையெல்லாம் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன காலம். அவரை எங்கே அனுப்புவேன்?

ஒருநாள் காலையில் மரவள்ளிக் கிழங்கை வாயில் வைத்தபடியே கேட்டார்.

"ரப்பர்ல தண்ணி எறங்குமா?"

"எறங்காது."

"அப்புறம் என்ன லா!"

அவ்வளவுதான் திட்டம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நானும் அவரோடு ஷீட் சுமந்தேன். வாசலில் அடுக்கி வைத்தோம். வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமே என்று நான் ஒவ்வொன்றின்மேலும் தண்ணீர் தெளித்துத் தெளித்து அடுக்கினேன். ஈரம் இருந்தால் ஒட்டாது. இது லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் ஏணி வைத்து மேலே ஏறி, ஓட்டைகளின்மேல் ஷீட்டைப் போர்த்தி, ஓரங்களில் மரத்துப் பாலைப் பூசி, கல்லைத் தூக்கி வைத்தார். முடித்ததும் கீழே நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தார் பாருங்கள், துரை பங்களாவையே கட்டி முடித்த மாதிரி.

மழை வரவில்லை. வெயில்தான் வந்தது. அப்படி ஒரு வெயில்! தகரம் சுட்டதில் ஷீட் இளகிப்போய் வெல்லப்பாகாகிவிட்டது. நாற்றம் இருக்கிறதே, சாப்பாடு இறங்காது. அதுவும் நல்லதுதான், சாப்பாடு எங்கே இருந்தது? பக்கத்து வீட்டு அக்காவின் சேவல் ஒன்று கூரைமேல் பறந்து உட்கார்ந்தது, எழுந்திருக்க முடியவில்லை. அக்கா கீழே நின்று மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ மச்சான், என் சேவல எறக்கிக் குடுங்க!"

இவர் ஏறினார். சேவலை வாலில்லாமல் பிய்த்தெடுத்து அக்காவிடம் வீசினார். தான் இறங்கத்தான் மறந்துவிட்டார். கூரைமேல் உட்கார்ந்து ஓரத்தைச் சரிபார்க்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்.

"ஏங்க, எறங்கலையா?"

"ஒட்டிக்கிச்சு புள்ள."

லயமே திரண்டு வந்துவிட்டது. ஆளுக்கொரு யோசனை. கடைசியில் ஒரே இழுப்பு. அவர் வந்துவிட்டார், ஆனால் இருந்த ஒரே காக்கிக் கால்சட்டையின் பின்பக்கம் கூரையோடு தங்கிவிட்டது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஆபீஸில் கணக்கெழுதுகிற பெரிய கிராணியைப் போல நடந்து வீட்டுக்குள் போனார். நான் சாக்குத்துணியை வெட்டி, அன்னாசி நாரால் அதைத் தைத்துக் கொடுத்தேன். அந்த நார் லேசாக இழுத்தாலே அறுந்துவிடும். குனியும்போது பார்த்துக் குனியுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

அதற்குள் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் பருவம் வந்தது. விழுந்த இலையெல்லாம் கூரையில் அப்பிக்கொண்டது. இலைமேல் இளகிய ரப்பர் கசிந்து, அதன்மேல் இன்னும் இலை. கூரைக்கு மயிர் முளைத்துவிட்டது என்று அக்கா கேலி செய்தாள். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, மத்தியான வெயிலில் வீட்டுக்குள் நுழைந்தால் ஜிலுஜிலுவென்று இருந்தது. கேலி செய்தவளே கிழங்கு உரிக்கிற சாக்கில் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வாள். இவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"எல்லாம் கணக்குப் போட்டுத்தான் செஞ்சேன்," என்றார்.

கணக்காம்!

அந்தக் குளிர்ச்சியில்தான் மகள் பிறந்தாள். உத்தரத்தில் என் பழைய சேலையால் தூளி கட்டினோம். நான் தூளியைப் பார்ப்பதைவிட உத்தரத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

மழை ஒரு சாயங்காலம் வந்தது. காற்றும் இடியுமாக, இத்தனை நாள் வட்டியும் சேர்த்து. முதலில் அடுப்பங்கரைப் பக்கத்து ஷீட் இலையோடு சரிந்து விழுந்தது. பிறகு பாய் போட்டிருந்த இடம். நான் மங்குகளைத் தேடி ஓடினேன். திரும்பிப் பார்க்கிறேன், உத்தரத்தில் ஒரு சொட்டு. பிள்ளையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். எங்கே நிற்பது? எந்த மூலையிலும் ஒழுக்கு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதையும் பறிகொடுத்துவிடப் போகிறேன் என்று அழுதேன். வாய்விட்டே அழுதேன். இவரைக் காணோம். இந்த நேரத்தில் எங்கே போய்த் தொலைந்தார் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

சொட்டு நின்றது.

மேலேயிருந்து குரல் வந்தது. "ஒழுகுதா?"

"நின்னுடுச்சு! அங்க என்ன பண்றீங்க? இடி இடிக்குது, எறங்கி வாங்க!"

"எறங்க முடியல புள்ள. ஒட்டிக்கிச்சு."

"மறுபடியுமா! மனுஷனா நீங்க?"

அடுத்த வீட்டிலிருந்து அக்கா சிரிக்கிற சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது. எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளையைத் திரும்பத் தூளியில் போட்டு ஆட்டினேன். மழை விடும்வரை அவர் ஓட்டைமேல் குப்புறப் படுத்துக் கிடந்தார். நான் கீழேயிருந்து திட்டிக்கொண்டே இருந்தேன். பிள்ளைமேல் ஒரு சொட்டு விழவில்லை.

மழை விட்டதும் தானாகவே இறங்கி வந்தார். உதடு நீலம் பாரித்து, பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அடுப்போரம் நிற்கவைத்துத் தலையைத் துவட்டினேன். கால்சட்டையைக் கழற்றிப் பிழியும்போதுதான் கவனித்தேன். முன்பக்கம் முழுசாக இருந்தது. சாக்குத்துணி முழுசாக இருந்தது. அன்னாசி நாரில் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை.

நான் அவரைப் பார்த்தேன். அவர் வெற்றிலையைத் தேடினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், கல்யாணம் காதுகுத்து எங்கே போனாலும், மழையில் கூரையோடு ஒட்டிக்கொண்ட கதையை அவரே சொல்லிச் சிரிக்கவைப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். ஈரத்தில் ரப்பர் ஒட்டாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.