மேஸ்திரி சொன்ன பொய்

மேஸ்திரிக்குக் கோபம் வந்தால் சாரத்தில் நிற்பவன் தானாகக் கீழே இறங்கிவிடுவான் என்று அவருடைய ஆட்கள் சொல்வதுண்டு. முப்பது வருடமாக வீடு கட்டியவர். சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்து, பூச்சு விட்டுவிட்டது என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அந்த வாயால் பாதி வேலைகள் கைநழுவின, அதே வாய்க்காகத்தான் மீதிப் பாதி தேடி வந்தன. பழைய வீடு வாங்க நினைக்கிறவர்கள் முதலில் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள்.

அந்த வாய்க்கு ஈடுகொடுத்தவள் ஒரே ஒருத்தி, அவருடைய தங்கை. ஆறு வயது இளையவள். துணிக்கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே செய்கிற வேலை. அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் பத்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்தால் சண்டை உறுதி. ஜன்னலைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா என்ற விஷயத்துக்காக ஒரு மாதம் பேசாமல் இருந்தவர்கள் அவர்கள். அப்புறம் யார் முதலில் பேசியது என்பதற்கு இன்னொரு சண்டை நடந்தது.

அப்படிப்பட்டவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. ஒரு வருடம் டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், கையில் ஊசியைக் குத்திக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். அந்தக் கூரையில் பூச்சு சரியில்லை என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். மூன்றாவது மாதத்தில் அதைச் சொல்லக்கூடத் தெம்பில்லாமல் போயிற்று. மனைவியின் சிறுநீரகம் பொருந்தவில்லை, தங்கையுடையது பொருந்தியது. "ரெண்டு இருக்குல்ல, ஒண்ண எடுத்துக்கோ" என்றாள் அவள், கூடத்தில் கிடக்கும் நாற்காலியைத் தருகிற மாதிரி.

ஆபரேஷன் நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. நல்லபடியாக முடிந்ததாக எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான், உயிரோடு இருக்கிறார். ஆனால் நல்லபடியாக முடிந்த பிறகு வருகிற அலுப்பைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லி வைக்கவில்லை. தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை அது. காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை, ஒரு நிமிடம் பிசகக் கூடாது. மாத்திரையால் முகம் உப்பிவிட்டது, கை நடுங்கியது. தூசி ஆகாது என்பதால் வேலை நடக்கும் இடத்துக்குப் போகவே வழியில்லை. இருமல் வந்தால் பயம். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை சோறு இறங்காது. ரத்தத்தில் உப்பின் அளவு கொஞ்சம் ஏறியிருந்தால், அவள் கொடுத்ததைத் தான் பாழாக்கிக்கொண்டிருக்கிறோம் என்று குறுகிப்போவார்.

எல்லாவற்றையும்விட அவரை அதிகமாகக் களைக்க வைத்தது நன்றிதான். பார்க்கிற சொந்தக்காரர் எல்லாம் தங்கை இல்லையென்றால் நீ இல்லை என்பார்கள். அவரும் ஆமாம் ஆமாம் என்று பல்லைக் காட்டுவார். தங்கை எது சொன்னாலும் சரி. அவள் ஜன்னலை மூடச் சொன்னால் மூடினார், திறக்கச் சொன்னால் திறந்தார். தினமும் போன் செய்து தண்ணீர் குடித்தாயா, மாத்திரை போட்டாயா என்று அவள் கேட்பாள். பள்ளிக்கூடப் பையன் மாதிரி பதில் சொல்லி, கடைசியில் உன்னால்தான் இருக்கிறேன் என்று முடிப்பார். அவள் சட்டென்று போனை வைத்துவிடுவாள். மேஸ்திரி சாதுவாகிவிட்டார் என்று பழைய ஆட்கள் சிரித்தார்கள். சாதுவாவதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

போன மாதம் தங்கை ஒரு வீடு பார்த்தாள். இத்தனை வருடம் அவளும் புருஷனும் சேர்த்து வைத்ததெல்லாம் அதில்தான் போகப்போகிறது. அண்ணன் வந்து பார்க்க வேண்டும் என்றாள். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொண்டு போனார்.

தெருக்கோடியில் தனி வீடு. உள்ளே நுழைந்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. பின்சுவரில் மட்டும் இடுப்பு உயரத்துக்குப் புதுப் பெயின்ட். தட்டினார். டொக்கென்று கேட்டது, உள்ளே பூச்சு விட்டு நின்றது. ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாக ஏறிய விரிசல் வெளிப்பக்கமும் அதே இடத்தில் இருந்தது. அஸ்திவாரமே ஒரு பக்கம் இறங்குகிறது. யாருடைய வீடாக இருந்தாலும் அந்த நிமிடமே புரோக்கரைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார். திரும்பிப் பார்த்தார். தங்கை வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வாழ்க்கையில் ஒரு சுவரைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். மனைவி துருவியதும் சொல்லிவிட்டார். அவள், உயிரைக் கொடுத்தவள் ஆசைப்பட்டதைக் கெடுத்தால் ஊர் என்ன பேசும், பேசாமல் இருங்கள் என்றாள். மூன்று நாள் பேசாமல்தான் இருந்தார். நாலாம் நாள், முன்பணம் கொடுக்கிற அன்று காலையில், ஒரு உளியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அந்த வீட்டில் தங்கையும் புரோக்கரும் இருந்தார்கள். தங்கையின் புருஷன் பணம் எடுக்கப் போயிருந்தார். மேஸ்திரி யாரிடமும் ஒன்றும் கேட்காமல் பின்சுவரில் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினார். பூச்சு ஈர மாவாகக் கொட்டியது. புரோக்கர் போன் பேசுகிற பாவனையில் வெளியே நழுவினார்.

"இத வாங்காத" என்றார்.

"அன்னைக்கு நல்லாருக்குன்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்."

தங்கை சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முகம் சிவந்து, "நீ கேக்காமலே உனக்கு நான் குடுத்தேன்ல? எனக்குன்னு ஒண்ணு ஆசைப்பட்டா மட்டும் உனக்கு விரிசல் தெரியுதா?" என்றாள்.

இந்த வார்த்தைக்குப் பயந்துதான் இரண்டு வருடம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார். கடைசியில் வந்தேவிட்டது. நெஞ்சு வெடித்துவிடும் என்று நினைத்திருந்தார். அப்படி ஒன்றும் ஆகவில்லை. பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது, அதற்குப் பின்னாலேயே பழைய கோபமும் வந்தது. முகக்கவசத்தை இழுத்துக் கீழே விட்டார்.

"குடுத்தா? குடுத்தவ இடிஞ்சு விழற வீட்டுல படுக்கறத நான் பாத்துட்டு நிக்கணுமா? ஊர்ல வேற வீடே இல்லியா? அப்படி என்னதான் இருக்கு இதுல?"

தெருவரைக்கும் கேட்டிருக்கும். தங்கை பதிலுக்குக் கத்துவாள் என்று காத்திருந்தார். அவளோ தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"படி இல்ல" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். இப்போது இருக்கிற வீடு மூன்றாவது மாடி. கடையில் நின்றுவிட்டு வந்து ஏறும்போது பக்கவாட்டில் பிடித்து இழுக்கிறது, நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்துதான் மேலே போகிறாள். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார், ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருக்கிறதாம். ஆனால் ஒரு காய்ச்சல் வந்தால்கூட, மிச்சம் இருப்பது ஒன்றுதானே என்று தூக்கம் போய்விடுகிறது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே அண்ணா." கோபமில்லாமல், அசதியாகத்தான் சொன்னாள். "சொன்னா அழுவ. உன்னத் தேத்தறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

இரண்டு வருடத்தில் எத்தனை தடவை நன்றி சொல்லியிருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. எப்படி இருக்கிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. உளியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில், அந்த ஈரத் தரையில் உட்கார்ந்தார்.

"எங்க வலிக்குது?"

அவள் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். தன் வயிற்றில் இருக்கும் தழும்பு எத்தனை அங்குலம் என்று மேஸ்திரிக்குத் தெரியும். அவளுடையது எந்தப் பக்கம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.