ஷெரோனுக்கு வாங்காத மூக்குக்கண்ணாடி

ஒன்பதாம் வகுப்பில்தான் ஷெரோனுக்குக் கரும்பலகை மங்கத் தொடங்கியது. பக்கத்தில் இருந்தவளின் கொப்பியைப் பார்த்து எழுதினாள். கணித ரீச்சர் அதைக் களவென்று நினைத்து எழுப்பி நிறுத்தினார். விஷயம் தெரிந்ததும் அவரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். கண்ணைச் சோதித்தது இலவசம். கண்ணாடியைக் கடையில்தான் வாங்க வேண்டும்.

தாய் றெஜினா குருநகரில் நண்டுச்சதை பிரிக்கும் கொட்டிலில் வேலை செய்தாள். இரண்டு மாதம் மத்தியானத்தில் வெறும் பாணைத் தின்று காசு சேர்த்தாள். லீவு கிடைக்காததால் அதைக் கணவன் கனிசியசிடம் கொடுத்துக் கண்ணாடிக் கடைக்கு அனுப்பினாள். கடலுக்குப் போகாத நாளிலும் கனிசியசுக்கு எட்டு சிகரெட் வேண்டும்.

வெறுங்கையோடு வந்தான்.

"கண்ணாடி எங்கையப்பா?" என்று ஷெரோன் கேட்டாள்.

"கடை பூட்டு. வாற கிழமை எடுப்பம்."

சட்டைப் பையில் புதுச் சிகரெட் பெட்டி தெரிந்தது. மூன்று கிழமை கழித்து றெஜினா கண்ணாடியைப் பற்றிக் கேட்டபோது கனிசியஸ் சீறினான்.

"கண்ணாடி போட்ட பெட்டையை எவனடி கட்டுவான்? வகுப்பிலை முன் வாங்கிலை இருக்கச் சொல்லு."

றெஜினா மேலே கேட்கவில்லை. முந்தி ஒருமுறை கேட்டதற்கு விழுந்த அடியில் இடது காது இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

முன்வரிசை வாங்கில் இருந்தும் ஷெரோனுக்குப் பலகையில் மூன்றும் எட்டும் ஒன்றாகவே தெரிந்தன. பதினோராம் வகுப்பின் சாதாரணதரப் பரீட்சையில் தாள் கண்ணுக்குக் கிட்ட இருந்தது. ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு வருடமாகப் பலகையில் செய்துகாட்டிய கணக்குகள்தான் அவளுக்குத் தெரியாது.

கணிதத்தில் சித்தியடையவில்லை.

"நான் அப்பவே சொன்னனான், உவளுக்குப் படிப்பு ஏறாதெண்டு" என்றான் கனிசியஸ்.

"திருப்பி எழுதுறன், அப்பா."

"ரியூசனுக்குக் காசு ஆர் தாறது?"

அடுத்த திங்கட்கிழமை ஷெரோன் தாயோடு கொட்டிலுக்கு வேலைக்குப் போனாள். நண்டு ஓடு கீறி விரல்கள் வீங்கின. முதல் சம்பளத்தன்று கனிசியஸ் வீட்டுப் படலையடியில் இருமிக்கொண்டு நின்றான்.

"தா பிள்ளை. பிறகு தாறன்."

"இது கண்ணாடிக்கு, அப்பா." ஷெரோன் கையைப் பொத்திக்கொண்டு தாயைப் பார்த்தாள்.

றெஜினா நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "குடுத்திடு பிள்ளை. றோட்டிலை சத்தம் வேண்டாம்."

ஷெரோன் கொடுத்தாள்.

அன்று பின்னேரம் சந்தியில் கனிசியஸ் கூட்டாளிகளுக்கும் சேர்த்துச் சிகரெட் வாங்கினான்.

"என்ரை மகளின்ரை முதல் சம்பளம்" என்று பெருமையோடு ஆளுக்கொன்று நீட்டினான்.