கட்டுப்போட்ட காலோடு வந்தவர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டிருந்த வாரம். காரைக்குடியில் புல் வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் மெஷின் எல்லாம் பழுது பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. மழைக்குப் பிறகு எங்கும் புல் மண்டிவிடும். எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

காளையார்கோவில் பக்கமிருந்து ஓர் அக்கா, தோளில் மாட்டி வெட்டும் மெஷினைக் கொண்டுவந்தார். தோட்டங்களில் புல் வெட்டிக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை. கார்புரேட்டரைக் கழுவி, பிளக்கை மாற்றினேன். பிளேடுக்கு மேலே, கல் தெறிக்காமல் தடுக்கும் மூடி ஒன்று இருக்கும். அதில் சேறு இறுகிக் கிடந்ததால் கழற்றி வைத்திருந்தேன். இஞ்சின் ஓடியதும் அப்படியே நீட்டிவிட்டேன்.

“அண்ணே, மூடிய மாட்டலையே?”

“அது இல்லாட்டியும் ஓடும்க்கா. இங்குட்டு வரும்போது வாங்க, மாட்டித் தாரேன்.”

மூன்றாம் நாள் நொண்டிக்கொண்டே வந்தார். முழங்காலுக்குக் கீழே பெரிய கட்டு. கல் தெறித்துச் சதை கிழிந்து, ஏழு தையலாம். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள், மானம் போகப்போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

“சண்டை போட வரலண்ணே. என்னைய மாதிரி வேற யாருக்கும் மூடியில்லாமக் குடுத்து விட்டிருக்கீகளா? யோசிச்சுப் பாருங்க” என்றார்.

யோசித்ததும் நினைவு வந்தது. அன்று காலைதான் ஒரு பள்ளிக்கூடத் தோட்டக்காரரை அப்படி அனுப்பியிருந்தேன். போன் போட்டேன், எடுக்கவில்லை. அவர் மெஷினின் மூடியை எடுத்துக்கொண்டு வண்டியில் பறந்தேன்.

பள்ளி மைதானத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் அந்தப் பக்கமாகவே ஓடி வந்துகொண்டிருந்தார்கள். கையை ஆட்டிச் சத்தம் போட்டு மெஷினை நிறுத்த வைத்தேன். மூடியை மாட்டிய பிறகுதான் தோட்டக்காரரிடம் மெஷினைத் திருப்பிக் கொடுத்தேன்.

திரும்பி வந்தால், அந்த அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். “அங்குட்டு யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“மன்னிச்சிருங்கக்கா” என்றேன்.

அவர் கால் ஆறும்வரை, அவர் ஒப்புக்கொண்டிருந்த தோட்டங்களில் ஞாயிறுதோறும் நானே போய்ப் புல் வெட்டினேன். மெஷினைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றபோதுதான் அந்த வேலையின் பயம் எனக்குப் புரிந்தது.

அன்று அவர் திட்டியிருந்தால், ஏதாவது நியாயம் பேசித் தப்பித்திருப்பேன். தன் காலில் தையலோடு, முகம் தெரியாத யாரோ ஒருவரின் காலைப் பற்றி அவர் கேட்ட கேள்வியிலிருந்து இன்றுவரை என்னால் தப்பிக்க முடியவில்லை.