இருபத்தேழே முக்கால் சுற்று

என்னிடம் முந்நூற்றுப் பன்னிரண்டு ஜாஸ் இசைத்தட்டுகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு எழுதிய குறிப்பேடுகள் பதினான்கு. ஒவ்வொரு குறிப்பிலும் தேதி, தட்டின் வரிசை எண், எந்தப் பக்கம், ஒவ்வொரு பாட்டும் ஓடிய நேரம், அன்று மழை பெய்ததா இல்லையா என்பது, அதன் பிறகு என் கருத்து. நான் நில அளவர். கள்ளக்குறிச்சி வட்டத்தில் என் சங்கிலி விழாத ஊர் குறைவு. அளந்ததை அன்றன்றே எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் மேசை வாங்கலாம் என்று புதுச்சேரிக்குப் போனேன். அங்கே வெகுகாலம் இருந்த அமெரிக்கர் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். மேசையை எனக்கு முன்னால் வந்தவர் எடுத்துக்கொண்டு போய்விட்டதால், அதன் மேல் இருந்த ரெக்கார்ட் பிளேயரையும் நாற்பது தட்டுகளையும் நான் வாங்கி வந்தேன். அதுவரை ஜாஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. வாங்கியதை வீணாக்கக் கூடாது என்றுதான் கேட்க உட்கார்ந்தேன். ஆறு மாதத்தில் பித்துப் பிடித்துவிட்டது.

அமெரிக்க பிளேயரை நம் ஊர் மின்சாரத்தில் நேராகச் சொருகினால் கருகிவிடும் என்று எனக்குத் தெரியும். சென்னையில் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, வோல்டேஜை அதற்கு வேண்டிய அளவுக்கு இறக்கினேன். பிளேயரின் அடியில் இருந்த தகட்டில் பொறித்திருந்ததை முதல் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அப்படியே நகல் எடுத்தேன். வோல்ட், வாட், சைக்கிள், வரிசை எண், எதையும் விடவில்லை.

முதல் வாரத்திலேயே ஒரு பிசகு கண்ணில் பட்டது. அட்டையில் ஐந்து நிமிடம் என்று போட்டிருந்த பாட்டு ஆறு நிமிடம் ஓடியது. ஏழு நிமிடப் பாட்டு எட்டு நிமிடம் இருபத்துநான்கு விநாடி ஓடியது. நாற்பது தட்டுகளையும் கைக்கடிகாரம் வைத்து அளந்தேன். எல்லாவற்றிலும் ஒரே விகிதத்தில் பிசகு. அட்டைகளை ஒரே அச்சகத்தில் அடித்திருக்கிறார்கள், அங்கே ஒரு கவனக்குறைவான ஆள் இருந்திருக்கிறார் என்று முடிவுக்கு வந்தேன். அட்டைகளில் பென்சிலால் சரியான நேரத்தை எழுதி வைத்தேன்.

பிற்பாடு கைபேசி வந்தது. கல்வராயன் மலையில் அளவைப் பணிக்காக வெள்ளிமலையில் தங்கியிருந்தபோது, என்னிடம் இருக்கும் பாட்டு ஒன்றை அதில் கேட்டுப் பார்த்தேன். பாட்டு ஓட்டமாக ஓடியது. குரலும் வாத்தியமும் கீச்சென்று இருந்தன. மலையில் சிக்னல் விட்டு விட்டு வருவதால் பாட்டு அவசரப்படுகிறது என்று அன்றைய குறிப்பில் இருக்கிறது. ஊருக்கு இறங்கிய பிறகும் அப்படியே கேட்டது. இக்காலத்து இளைஞர்களின் பொறுமையின்மைக்காக வேகமாக்கிப் போடுகிறார்கள் என்று அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தேன். அதற்குப் பின் கைபேசியில் ஜாஸ் கேட்பதில்லை.

என் மனைவி ஒருத்திதான் எதிர்க்கட்சி.

"ஏங்க, இது வெள்ளிமலைக்கு ஏர்ற பஸ்ஸு மாதிரியே மொனவுது. எறங்கி நாலு பேரு தள்ளுனாத்தான் போவும் போல."

"இதுக்குப் பேருதான் நிதானம்."

"நிதானமா இது? தூங்கி வழியுது. அந்த ஆளுக்கு எதுனா சோறு போட்டாங்களா, இல்லியா?"

அவளுக்குப் புரியாததில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நிதானத்தை வைத்து நான் ஒரு கொள்கையே கட்டியிருந்தேன். ஜாஸ் வாத்தியக்காரர் ஒவ்வொரு சுரத்தையும் வைப்பதற்கு முன் யோசிக்கிறார். யோசித்த பிறகும் தயங்குகிறார். ஜாஸ் என்பது தயக்கத்தின் கலை. இப்படிப் பதினான்கு குறிப்பேடுகள். மாதம் ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்து, புதுச்சேரியில் இசைத்தட்டு கேட்பவர்கள் நடத்தும் ஒரு வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவந்தேன். பல வருடம் கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக வந்தது. போன மார்கழியில் வட்டத்தின் தலைவர் போன் செய்தார். ஓய்வு பெற்ற பேராசிரியர். என் குறிப்புகளை நூலாகப் போட விரும்புவதாகவும், அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து தட்டைப் போட்டுக் காட்டிப் பேச வேண்டும் என்றும் சொன்னார். பதினான்கையும் நகல் எடுத்து மறுநாளே தபாலில் அனுப்பினேன். என் பெயர் போட்ட நூல் அட்டையின் மேல் எனக்கு ஆசை இல்லை என்று எழுத மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கு மூன்று வாரம் இருந்தபோது, தியாகதுருகத்திலிருந்து ஒருவர் தன் மனையை உட்பிரிவு செய்ய மனுக் கொடுக்க வந்தார். அவர் தோளில் சாக்ஸஃபோன் பெட்டி தொங்கியது. பேண்ட் செட்டில் வாசிப்பவர். கல்யாணம், சாமி ஊர்வலம், சாவு எல்லாவற்றுக்கும் போகிறவர். இருபது வருடமாக சாக்ஸஃபோன் வாசித்தும் ஜாஸ் கேட்டதில்லையாம். அவருக்கு ஜாஸ் கேட்கக் கற்றுக்கொடுப்பது என் கடமை என்று பட்டது. மாலையில் வீட்டுக்கு அழைத்துவந்து, என் மிகச் சிறந்த தட்டைப் போட்டேன். அதைப் பற்றி மட்டும் இருபத்தொரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சார், இன்னா வாத்தியம் இது?"

"உங்க வாத்தியம்தான். ஆல்ட்டோ சாக்ஸ்."

"இருக்காதுங்க."

"அட்டையிலயே போட்டிருக்கு."

"அட்டைல இன்னா வேணா போட்டுக்கட்டும் சார். இவ்ளோ கீழ இது எறங்காது."

பெட்டியைத் திறந்து வாத்தியத்தை மாட்டினார். எல்லாச் சாவிகளையும் அமுக்கி ஊதினார். அடித்தொண்டைச் சத்தம் ஒன்று வந்தது. "இதான் கடைசி சார். இதுக்குக் கீழ ஓட்டையே கெடையாது. உங்க ஆளு இதுக்கும் கீழ மூணு படி போய்க்கினு இருக்காரு. மாடிப்படியே இல்லாத எடத்துல எப்டி எறங்குவாரு?"

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "நானும் அதத்தாங்க சொல்லிக்கினு இருக்கேன், பத்தொம்பது வருஷமா."

அவள் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் நான் விவாதிக்கும் நிலையில் இல்லை. மறுநாள் பிளேயரைத் தூக்கிக்கொண்டு, பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைக் கவிழ்த்துத் தகட்டைப் பார்க்க எடுத்துக்கொண்ட நேரம் மூன்று விநாடி.

"அறுவது சைக்கிள்னு போட்டுக்குதே சார். அது அமெரிக்கா கரண்டு. நம்ப கரண்டு செகண்டுக்கு அம்பது தடவதான் துடிக்குது. மோட்டாரு ஆறுல ஒரு பங்கு கம்மியாத்தான் சுத்தும், சத்தமும் அதுக்கேத்தாப்ல எறங்கிடும்."

"வோல்டேஜ் எல்லாம் சரி பண்ணித்தான் ஓட்டுறேன்."

"வோல்டேஜு வேற, சைக்கிளு வேறங்க. இதுவே பம்ப்செட்டா இருந்தா, தண்ணி கம்மியா வருதுன்னு அன்னிக்கே தூக்கினு வந்திருப்பீங்க. பாட்டு கம்மியா வந்தா யாருக்குத் தெரியுது?"

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தட்டு நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்றுக்குச் சற்று மேல் சுற்ற வேண்டும். என் வீட்டில் இருபத்தேழே முக்கால் சுற்றிக்கொண்டிருந்தது. முதல் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், என் கையெழுத்தில், அறுபது சைக்கிள் என்று தெளிவாக இருந்தது. சுரத்தை வைப்பதற்கு முன் யோசித்தது வாத்தியக்காரர் இல்லை, மோட்டார்.

காயில் கடைக்குப் பக்கத்து லேத்துப் பட்டறையில், தட்டைச் சுழற்றும் மோட்டாரின் பழைய புல்லியை அளந்து, அதைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகப் பித்தளையில் ஒரு புல்லி கடைந்து கொடுத்தார்கள். மாட்டி ஓட்டினேன். ஏழு நிமிடப் பாட்டு ஏழு நிமிடம் ஓடியது. யாரோ முன்பின் தெரியாதவர் துள்ளிக்கொண்டு வாசித்தார். நான் துக்கம் என்று எழுதிய இடத்தில் ஒரு விஷமச் சிரிப்பு இருந்தது. எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"இப்பத்தான் பாட்டு மாதிரி இருக்குது," என்றாள் மனைவி.

மூன்று வாரமும் ஒரே யோசனை. பேசாமல் பழைய புல்லியோடு போய்ப் பேசிவிட்டு வரலாம், நூல் வந்துவிடும். ஆனால் எல்லைக்கல் தப்பாக நட்டிருப்பது தெரியாதவரை அது தவறு. தெரிந்த பிறகும் அதே கல்லைக் காட்டி வரைபடத்தில் கையெழுத்துப் போட்டால் அது பொய். நான் வேலையில் அதைச் செய்ததில்லை. பாட்டில் செய்யலாமா என்பதற்கு விதி எதுவும் இல்லை என்பதுதான் தொல்லை.

இரண்டு புல்லிகளையும் எடுத்துக்கொண்டு போனேன். டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்க சாக்ஸ்காரர் கூட வந்தார். ஒரு வீட்டுக் கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மறு அளவையில் பழைய கல்லைக் காட்டிய பிறகுதான் புதுக் கல்லை நட வேண்டும். அந்த முறைப்படி முதலில் பழைய புல்லியில் போட்டேன். பலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் கைக்குட்டையை எடுத்தார்.

"இதுதான், இந்த நிதானம்தான் சார் எழுதினது," என்றார் தலைவர்.

நான் எழுந்து, தகடு, சைக்கிள், மோட்டார் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டதும் எழுதியதும் ஆறில் ஒரு பங்கு பிசகு என்றேன். பிறகு கதர் ஜிப்பா போட்ட ஒருவர், "என்ன அருமையான உருவகம் சார். நாம எல்லாருமே வேற தேசத்துக் கரண்ட்ல ஓடுற மோட்டார்தானே," என்றார். சிலர் கை தட்டினார்கள்.

"உருவகம் இல்லீங்க, புல்லி," என்று சொல்லி அதை எடுத்துக் காட்டினேன். கையோடு கை மாறிக் கடைசி வரிசை வரை போய் வந்தது.

புதுப் புல்லியை மாட்டி அதே பாட்டைப் போட்டேன். கடைசி வரிசையில் சாக்ஸ்காரர் ஒருவர்தான் தொடையில் தாளம் போட்டார். மற்றவர்கள் பந்தியில் இடம் கிடைக்காதவர்களைப் போல் உட்கார்ந்திருந்தார்கள்.

"கொஞ்சம் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு," என்றார் கைக்குட்டை அம்மாள்.

தலைவர் என்னைத் தனியாக அழைத்தார். "புத்தகத்துல பழைய குறிப்பே இருக்கட்டும் சார். அட்டைகூட ரெடி. புத்தகம் படிக்கிறவங்க யாரும் பாட்டக் கேட்டுச் சரிபார்க்கப் போறதில்ல."

"திருத்தித்தான் தர முடியும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"பத்தொன்பது வருஷம் ஆகும்."

அவர் வெகுநேரம் சிரித்தார். நான் நகல்களைத் திரும்பக் கேட்டதும் சிரிப்பு நின்றது. உள்ளே போய் எடுத்துவந்தார். அட்டையையும் காட்டினார். நீல நிறம். என் பெயரைச் சரியாக அச்சிட்டிருந்தார்கள்.

விழுப்புரத்தில் பஸ் மாறி உட்கார்ந்ததும் சாக்ஸ்காரர் கேட்டார். "சார், அப்டியே வுட்டுட்டு வந்திருக்கலாம்ல? அவுங்களுக்கு அதான புடிச்சிக்கினு இருந்துது."

"எனக்கும் அதான் புடிச்சிருந்துது."

"அப்பறம் இன்னாத்துக்கு?"

டிக்கெட்டின் பின்னால் பஸ் கிளம்பிய நேரத்தைக் குறித்துக்கொண்டேன். மடியில் பதினான்கு குறிப்பேடுகளின் நகலும் கனத்தது. உளுந்தூர்பேட்டை தாண்டியதும் அவர் தூங்கிவிட்டார்.

மறுநாள் காலை, பதினைந்தாவது குறிப்பேட்டைத் திறந்தேன். இருபத்தொரு பக்கம் எழுதிய அந்தத் தட்டை முதலில் எடுத்தேன். தட்டின் முதல் பக்கத்தைக் கேட்டேன், மறுபடி கேட்டேன். மழை இல்லை. கருத்து என்ற இடத்தில் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, 'இது ஆடுவதற்காக வாசித்தது' என்று எழுதினேன். வேறு எதுவும் தோன்றவில்லை. தட்டைத் திருப்பிப் போட்டேன்.